எல்லாக் குழந்தைக்கும் எல்லாமுமாக நான் இருக்க வேண்டுமா?

நடுநிலை வகுப்புகளுக்கு எட்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 38 பேருக்கு நான் வகுப்பாசிரியை. பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போகிறவளாக இருக்கக் கூடாது, குழந்தையின் மனம், உடல், அறிவு எல்லாமே வளர வேண்டும் என்பது என் நம்பிக்கை. அதற்காகத் தினமும் முதல் பாடவேளையில் இருபது நிமிடம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, மனதில் இருப்பதைப் பேசச் சொல்கிறேன். ஒரு மாணவன், அப்பாவும் அம்மாவும் பிரியப் போகிறார்கள் என்று சொல்லி அழுதான். அன்றைக்கு எல்லோரும் தேற்றினார்கள். அடுத்த வாரமே சிலர் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தார்கள். இப்போது அவன் வாயே திறப்பதில்லை. அவன் அம்மா வந்து, எங்கள் வீட்டு விஷயத்தை வகுப்பில் ஏன் பேச வைத்தீர்கள் என்று கேட்டார். இன்னொரு மாணவி தனியாக வந்து, வீட்டில் ஒருவர் தன்னை அடிப்பதாகச் சொல்லிக் கையில் இருந்த தடத்தைக் காட்டினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். இரவு பத்து மணிக்கும் பிள்ளைகளின் மெசேஜுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாடம் பின்தங்கிவிட்டது, வகுப்பின் மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. தலைமை ஆசிரியர், வட்டத்தை நிறுத்துங்கள், முதலில் கணக்கு வரட்டும் என்கிறார். இதற்கு நடுவில், ஒரு பொறுப்புக்கு விண்ணப்பிக்க என் கல்விக் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். வரைவை இணைத்திருக்கிறேன். நான் நம்புவதை எழுதவா, அவர்கள் விரும்புவதை எழுதவா? என் வழியே தவறா?"

அன்புள்ள டீச்சர்,

கொள்கைப் பக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தின் நடுவில் இரண்டு மூன்று வரிகளில் நீங்கள் சொல்லிச் சென்ற அந்த மாணவியின் விஷயம் காத்திருக்கக் கூடாது.

அந்த மாணவிக்குக் கொடுத்த சத்தியம்

சத்தியத்தைக் காப்பாற்றினால்தான் அவள் நம்பிக்கையைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறீர்கள். அவள் உங்களிடம் வந்தது அடி நிற்க வேண்டும் என்பதற்காக. ரகசியமாக இருக்கட்டும் என்று கேட்டது, வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தால். இந்த இரண்டில் எதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்தால் வழி தெரிந்துவிடும். சத்தியத்தை நீங்கள் மீறத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் மீறக் கூடாது.

நாளைக் காலையே அவளைத் தனியாகச் சந்தியுங்கள். "நீ சொன்னதை நான் நம்புகிறேன். உன் மேல் எந்தத் தவறும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, ஏனென்றால் உன்னைப் பாதுகாக்க எனக்கு இன்னொருவர் உதவி வேண்டும். அவரிடம் மட்டும் சொல்லப் போகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கு மேல் துருவிக் கேட்காதீர்கள். யார், எப்போது, எத்தனை முறை என்று விசாரிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் அடுக்கிக் கேட்கும் கேள்விகளே குழந்தையின் வாயில் பதிலைத் திணித்துவிடும், பிறகு அவள் சொல்வதன் உறுதியும் குறைந்துபோகும். அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே, தேதி போட்டு, அன்றே எழுதிவையுங்கள். பார்த்த தடம் எந்தக் கையில், எந்த இடத்தில் என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஊகத்தை அதில் சேர்க்காதீர்கள்.

பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பானவர் இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் தலைமை ஆசிரியரிடமும் அதே நாளில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அடிப்பவர் யார், அதை மறைப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பேசிய அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப் போவது அவள்தான். பள்ளி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ குழந்தைகளுக்கான உதவி எண்ணிலோ நீங்களே தெரிவிக்கலாம். பல நாடுகளில் இது ஆசிரியரின் விருப்பம் அல்ல, சட்டம் விதித்த கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம். உங்கள் பணியிடத்துக்குப் பொருந்தும் விதியை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையை வன்முறையிலிருந்து காக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு. முழுமையான கல்வியைப் பற்றிய எந்தக் கொள்கைக்கும் இதுதான் முதல் படி.

வட்டத்தில் என்ன தவறியது

உங்கள் வரைவில் "என் வகுப்பில் ஒளிவுமறைவு கிடையாது" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தையை முழுதாக மதிக்கிறவருக்கு, அது தன்னிடம் காட்டாமல் வைத்துக்கொள்ளும் பகுதியையும் மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதே உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் குடும்ப வாழ்விலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. அவரும் கணவரும் பிரியப் போவது அவர் சொல்ல வேண்டிய செய்தி. மற்ற 37 வீடுகளுக்கும் அது ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது.

பையன் தானாகத்தானே சொன்னான் என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டு வயதில், டீச்சர் அன்பாகக் கேட்க, பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்ல, தன் முறை வரும்போது வாய் மூடி இருப்பது சுலபமில்லை. சொல்லாமல் இருக்கும் சுதந்திரம் உண்மையாக இருந்தால்தான் சொன்னதைத் தானாகச் சொன்னது என்று எண்ண முடியும். அதோடு இந்த வயதில் நண்பர்கள் கூட்டத்தில் கிடைக்கும் இடம்தான் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியும். அந்த இடத்தை இழக்கவைக்கும் செய்தியை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, யாரும் அதை எடுத்து வீச மாட்டார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்காக வட்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். தினமும் தன்னை ஒருவர் பெயர் சொல்லி விசாரிக்கிறார் என்பது சில பிள்ளைகளுக்கு அந்த நாளையே தாங்கிக்கொள்ள வைக்கும். இருபது நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள். "இன்று எனக்கு வேண்டாம்" என்று எவரும் காரணம் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்பது விதியாகட்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது நீங்களே அப்படித் தாண்டிக் காட்டுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். வீட்டைப் பற்றிய கேள்வியே வேண்டாம். அடுத்தவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, கோபம் வந்தால் என்ன செய்வது, ஒருவரோடு உடன்படாமலே மரியாதையாகப் பேசுவது போன்றவற்றை அந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுங்கள், பழக்குங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று விரும்பும் பிள்ளை, பெயரெழுதி உங்கள் மேசைப் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு போடட்டும். "உன் விஷயத்தை மற்றவர்களிடம் பேச மாட்டேன். ஆனால் உனக்கோ வேறு ஒருவருக்கோ ஆபத்து என்றால், உதவக்கூடியவரிடம் சொல்லுவேன்" என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அந்தப் பையனிடம் ஒரே ஒரு முறை, தனியாக, சுருக்கமாக வருத்தம் தெரிவியுங்கள். அவன் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கேலி செய்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். அவனை உதாரணமாக வைத்து வகுப்புக்கே இரக்கத்தைப் பற்றிப் பேசினால் காயத்தை மறுபடி திறப்பதாகும். அவனுக்கு இப்போது தேவை, அவனை வேறு ஒன்றுக்காக மற்றவர்கள் அறிவது. கணக்கில் அவன் ஒரு நல்ல வழியில் யோசித்திருந்தால் பலகையில் போட்டு, இது அவன் போட்ட வழி என்று சொல்லுங்கள். அவன் அம்மாவைப் பார்த்து, என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் தெரிவித்துவிடுங்கள்.

மதிப்பெண் எதிரியா?

"மதிப்பெண் குழந்தையின் எதிரி" என்று தொடங்குகிறது உங்கள் வரைவு. தலைமை ஆசிரியர் இதைப் படித்தால் அடுத்த வரிக்குப் போக மாட்டார், எனக்கும் அந்த வரி சரியென்று படவில்லை. பின்னம் புரியாமல் மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு விகிதமும் புரியாது, சதவீதமும் புரியாது, இயற்கணிதமும் புரியாது. ஒவ்வொரு பாடவேளையிலும் நாற்பது நிமிடம் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையின் மனநலத்தை எந்த வட்டத்தில் வைத்து நாம் சரிசெய்ய முடியும்? கணக்கு வரட்டும் என்கிறவர் குழந்தையின் நலனுக்கு எதிராகப் பேசவில்லை. அதில் ஒரு பகுதியைத்தான் பேசுகிறார்.

இந்தச் சிந்தனையின் முன்னோடிகளைக் கொஞ்சம் பாருங்கள். சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலாட்சி தலை, இதயம், கை மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்றார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். அந்த வேலைகள் வழியாகவே அளவையும் அறிவியலையும் வரலாற்றையும் கற்றார்கள். 1937இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் என்பது பாடத்துக்கு நடுவே வரும் இளைப்பாறல் அல்ல, பாடமே அதன் வழியாகத்தான் வர வேண்டும் என்பது ஏற்பாடு. இவர்களில் யாரும் பாடத்தை ஒரு பக்கமும் குழந்தையை ஒரு பக்கமும் வைக்கவில்லை. நீங்கள் வைத்திருக்கிறீர்கள். முதல் இருபது நிமிடம் மனதுக்கு, மீதி நேரம் கணக்குக்கு என்று பிரித்துவிட்டு, அந்த மீதி நேரத்தை அவசர அவசரமாக ஓட்டுகிறீர்கள். அவசரத்தில் முதலில் அடிபடுவது தயங்கித் தயங்கி யோசிக்கும் பிள்ளைகள்தான்.

கணக்கு வகுப்புக்குள்ளேயே மனதுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று யோசியுங்கள். பயந்துபோன பிள்ளையின் மனம், கணக்கின் படிகளை நினைவில் தாங்கவேண்டிய இடத்தைக் கவலைக்குக் கொடுத்துவிடுகிறது. தெரிந்த கணக்கும் தேர்வில் தப்பாவது பல நேரம் இதனால்தான். ஆகவே தவறான விடைக்கு உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பது கணிதக் கற்பித்தலின் ஒரு பகுதி. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிக்குப் பணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். உடலையும் மறக்க வேண்டாம். பலகை தெரியாத பிள்ளையை கவனம் இல்லாதவள் என்றும், இரவு தூங்காத பிள்ளையை சோம்பேறி என்றும் எழுதிவிடுகிறோம். மதிப்பெண் திடீரென்று சரியும் பிள்ளைக்குக் கண், காது, தூக்கம், சாப்பாடு இந்த நான்கையும் விசாரித்த பிறகே மனதுக்குப் போங்கள்.

தேர்வையும் மதிப்பெண்ணையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படித்ததை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் அப்படித் தங்களைச் சோதித்துக்கொண்டவர்களே. சின்னச் சின்னச் சோதனைகள் வையுங்கள், எண் போடாமல் வையுங்கள். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், எப்படித் திருத்துவது என்ற குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. பள்ளி கேட்கும் தேர்வுக்கு எண் போட்டே ஆக வேண்டும், சரி. மற்ற நாட்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்திருப்பதாகவும் வரைவில் இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008இல் வந்த பெரிய மதிப்பாய்வு ஒன்று முடிவு செய்தது. எல்லோருக்கும் பல வழிகளிலும் கற்பியுங்கள், அந்தப் பட்டங்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு தாய்

"ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இன்னொரு தாய்" என்ற வரியை எழுதிய மனதை நான் மதிக்கிறேன். இரவு பத்து மணிக்கு உங்களை விழித்திருக்க வைப்பதும் அதே வரிதான். 38 பேருக்குத் தாயாக ஒருவரால் முடியாது. முயன்றால் நடப்பது இதுதான்: தேடி வரும் நான்கைந்து பிள்ளைகளுக்கு நீங்கள் தாயாகிறீர்கள், வராத முப்பத்துச் சொச்சம் பேரும் மங்கிப்போகிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பட்டியலைப் பார்க்காமல் வகுப்புப் பெயர்களை எழுதிப் பாருங்கள். கடைசியில் வந்த பெயர்களையும் வராமலே போன பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நீங்கள் பார்க்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

தாயிடம் கிடைக்காத சில விஷயங்கள் ஆசிரியரிடம் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே நியாயம், நேற்று நடந்ததை இன்றைக்கு இழுக்காத முகம், வீட்டில் என்ன நடந்தாலும் ஒன்பது மணிக்குத் தொடங்கும் வகுப்பு. வீடு ஆட்டம் கண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தக் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நீங்கள் களைத்துப்போய், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் நிலைக்கு வந்தால் அதுதான் முதலில் போய்விடும்.

ஆகவே மெசேஜுக்கு ஒரு நேரம் வையுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவித்துவிடுங்கள். தனிப்பட்ட எண்ணில் பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்தி, பள்ளி அனுமதித்த வழியில் மட்டும், பெற்றோருக்கும் தெரியும்படி பேசுங்கள். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு. நள்ளிரவில் ஆபத்தான செய்தி வந்தால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

அந்த ஒரு பக்கம்

நம்புவதை எழுதுவதா, விரும்புவதை எழுதுவதா என்று கேட்டீர்கள். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பள்ளிக்குப் பிடித்ததை எழுதினால் பொறுப்பு கிடைக்கலாம், அப்புறம் நம்பாத ஒன்றை நடைமுறைப்படுத்தும் வேலையும் உங்களுக்கே வரும். இப்போதுள்ள வரைவைக் கொடுத்தால் நேர்மை இருக்கும், ஆனால் அது செய்ய முடியாத வாக்குறுதிகளின் பட்டியல். எனக்குச் சரியென்று படுவது மூன்றாவது: நம்புவதை, வகுப்பறையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். "நான் குழந்தைகளை நேசிக்கிறேன்" என்பதை யாராலும் பார்க்க முடியாது. "தவறான விடை சொன்ன பிள்ளையிடம் எப்படி யோசித்தாய் என்று கேட்பேன்" என்பதைப் பார்க்கலாம்.

உங்கள் எல்லையையும் அதில் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: "என் மாணவர்கள் கணக்கை அச்சமில்லாமல் செய்யக் கற்க வேண்டும். அதற்காகக் கற்றலின் இடையிலேயே அவர்கள் உடல்நிலையையும் மனநிலையையும் கவனிப்பேன். அவர்கள் சொல்ல விரும்பாததைக் கேட்க மாட்டேன். ஆபத்து தெரிந்தால் அன்றே உரியவரிடம் தெரிவிப்பேன். என்னால் தீர்க்க முடியாததை ஆலோசகரோடும் பெற்றோரோடும் சேர்ந்து தீர்க்கப் பார்ப்பேன்." உங்கள் நடையில் இதைவிட நன்றாக எழுதுவீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் இரண்டு விஷயத்தையும் ஒரே நாளில் கொண்டுபோகாதீர்கள். மாணவியின் விஷயம் நாளை. வட்டத்தைப் பற்றிய பேச்சு அடுத்த வாரம். அப்போது, ஐந்து நிமிடத் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டர்லாக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2011இல் இப்படிப்பட்ட 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவோடு தொகுத்துப் பார்த்தபோது, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தந்த பள்ளிகளில் படிப்பும் உயர்ந்திருந்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரைப் பதினோரு இடம் முன்னே நகர்த்தும் அளவு அது. இதைச் சொல்லும்போது மறுபாதியையும் நேர்மையாகச் சொல்லுங்கள்: அதிகப் பலன் தந்தவை திறன்களைப் படிப்படியாகக் கற்றுத்தந்து பழக்கிய திட்டங்கள். மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்வது மட்டும் அந்த வகையில் சேராது.

ஒரு பருவத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். பின்னத்தில் வாராந்தரச் சோதனை எப்படிப் போகிறது, எத்தனை பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்கிறார்கள், வருகை எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் குறித்துவைத்துப் பருவ முடிவில் அவரிடம் காட்டுவதாகச் சொல்லுங்கள். அவர் மறுத்துவிட்டால் வட்டம் நிற்கும், அவ்வளவுதான். மூன்று விநாடி காத்திருப்பதும், எண் போடாத சோதனையும், பெட்டியில் விழும் துண்டுச்சீட்டும் உங்கள் வகுப்பில் அப்போதும் இருக்கும்.